பழமையை உடுத்திப் பார்ப்போரும் கதை புனைவோரும்

வரலாற்றுப் புதினம் எழுதப் புகுவோர்க்கு நீங்காத தொல்லை ஒன்று உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசும், செப்பேடுகள் பேசும், அயல்நாட்டார் எழுதி வைத்த பயணக் குறிப்புகளும் பேசும். ஆனால் கதைக்கு மிகவும் வேண்டிய ஒன்றை மட்டும் அவை பேசமாட்டா. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எண்ணிப் பாருங்கள். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் கல்வெட்டுகளில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் உள்ளன. அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்த வரிசையில் எந்த வீட்டில் குடியிருத்தப்பட்டார்கள் என்பன உள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உள்ளது. இத்துணை நுட்பமான ஆவணம் உலகில் அரிது. ஆயினும் அவர்களுள் ஒருத்தி ஆடி முடித்து வீடு திரும்பிய இரவில் அவளுக்குக் கால் எங்கே வலித்தது என்பதை அந்தக் கல் சொல்லாது. புதினத்துக்கு வேண்டியதோ அந்த வலி.

இந்த இடைவெளியை எழுத்தாளர் எவ்வாறு நிரப்புவது? நூல்களைக் கற்கலாம். நிகழ்ந்த இடங்களுக்கு நேரில் செல்லலாம். 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி, ஓவியர் மணியத்தை உடனழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்று பார்த்து வந்தது அத்தகைய முயற்சியே. கற்பனையை நம்பலாம். இம்மூன்று வழிகளுக்கும் அப்பால் நான்காவது வழி ஒன்றும் உண்டு. முன்னோர் செய்ததை அவர்கள் செய்தபடியே, அவர்கள் கையாண்ட பொருள்களைக் கொண்டே, நாமும் செய்து பார்ப்பது அவ்வழி. மேலைநாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. பழங்காலப் போர்வீரர்களைப்போல் உடுத்து, அக்காலப் படைக்கலம் ஏந்தி, அக்கால உணவைச் சமைத்து உண்டு, விடுமுறை நாள்களைக் கழிக்கும் மன்றங்கள் அங்கே பல உள. இதனை 'வரலாற்று மீள்நிகழ்த்தல்' என்று நாம் குறிக்கலாம். விளையாட்டாகத் தோன்றும் இச்செயல் கதை இலக்கியத்துக்கு எவ்வாறு உதவியது, எங்கே உதவத் தவறியது, தாயகம் விட்டு வெளியூர்களில் வாழும் நமக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையிலிருந்து களத்துக்கு

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் கதையே களத்தைப் படைத்தது என்பது வியப்பான செய்தி. 1819ஆம் ஆண்டின் இறுதியில் சர் வால்டர் ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' வெளிவந்தது. இடைக்கால இங்கிலாந்தின் வீரர்கள் குதிரைமீது அமர்ந்து ஈட்டி நீட்டி மோதும் போட்டிக் களத்தை ஸ்காட் அதில் விரிவாகத் தீட்டியிருந்தார். படித்தவர் நெஞ்சில் அக்காட்சி தங்கிவிட்டது. இருபது ஆண்டுகள் சென்றன. 1838இல் விக்டோரியா அரசியாரின் முடிசூட்டு விழா நடைபெற்றபோது, செலவைக் குறைக்கும் நோக்கில் பழைய விருந்துச் சடங்குகள் சில கைவிடப்பட்டன. அது கண்டு மனங்குறைந்தோர் பலர். அவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எக்லின்டன் பிரபு. பழைய வீர விளையாட்டைத் தம் கோட்டையில் தாமே நடத்திக் காட்டுவது என்று அவர் முடிவு செய்தார்.

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவ்விழா தொடங்கியது. காண வந்தோர் தொகை ஒரு லட்சம் என்று அன்று மதிப்பிட்டார்கள். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியனாகப் பிரான்சை ஆண்டவரும் அங்கே இருந்தார். வீரர்களாக வர முதலில் விருப்பம் தெரிவித்தவர்கள் மிகப் பலர். கவசத்தின் விலையையும் சுமையையும் பயிற்சியின் கடுமையையும் கண்டபின் பெரும்பாலோர் நழுவிவிட்டனர். இறுதிவரை நின்றவர்கள் சிலரே. அவர்கள் களத்துக்குப் புறப்பட்ட வேளையில் வானம் பிளந்தது போல மழை கொட்டியது. பந்தல்கள் ஒழுகின. களம் சேறாயிற்று. பெருமகனார் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தார். நாடு முழுவதும் அந்தக் குடையைச் சொல்லிச் சிரித்தது. ஓரிரு நாள் கழித்து வானம் தெளிந்தபின் போட்டிகள் நடந்தன என்றாலும், மக்கள் நினைவில் நின்றது மழையும் குடையும்தாம்.

இவ்விழாவைத் தோல்வி என்று சொல்லி நாம் கடந்துவிடலாகாது. ஐவன்ஹோவில் போட்டிக் களம் இருக்கிறது. ஆனால் கவசத்துக்குள் மழைநீர் புகுந்தால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. அதனை எக்லின்டன் சொல்லிக் கொடுத்தது. கதை களமாயிற்று, அந்தக் களம் மறுபடியும் கதையாயிற்று. பின்னாளில் இங்கிலாந்தின் தலைமை அமைச்சராய் இருந்த பெஞ்சமின் டிஸ்ரேலி ஒரு புதின ஆசிரியரும் ஆவார். 1880இல் அவர் வெளியிட்ட 'எண்டிமியன்' என்னும் புதினத்தில் வரும் வீர விளையாட்டு விழாவுக்கு எக்லின்டன் விழாவே மூலம். எழுத்துக்கும் மீள்நிகழ்த்தலுக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை அன்று. கொள்வதும் கொடுப்பதுமாக அது நடக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

வாளின் எடை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பொழுதுபோக்கு பெருமக்களின் கோட்டைகளிலிருந்து பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது. 1966ஆம் ஆண்டு மே முதல் நாளில், அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சிலர் கூடி இடைக்கால வீர விளையாட்டு ஒன்றை நடத்தினார்கள். அவ்வீடு இடைக்கால இலக்கியம் பயின்ற டயானா பாக்ஸன் என்பாருடையது. அன்று ஒருநாள் கூத்தாகத் தொடங்கியது பல நாடுகளில் கிளைகள் கொண்ட பெருஞ்சங்கமாக வளர்ந்தது. பாக்ஸனும் பழங்காலக் கதைகளை அடியொற்றிப் புதினங்கள் எழுதிப் பெயர் பெற்றார். இங்கிலாந்தில் 1968இல் படை வரலாற்று அறிஞர் பீட்டர் யங் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். 17ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் களங்களை மீள நிகழ்த்திக் காட்டுவது அதன் பணி. 1972இல் ரோமானியப் படைவீரர்களின் கவசத்தையும் கருவிகளையும் அகழாய்வுச் சான்றுகளின்படி செய்து அணியும் குழு ஒன்றும் அங்கே எழுந்தது.

பெர்க்லிக் குழுவின் தொடக்க காலத்தில் அதில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் பால் ஆண்டர்சன். அறிவியல் கதைகளும் பழங்கால வீரக் கதைகளும் எழுதியவர். 1978இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, வீரக்கதை எழுதுவோரை நயமாக எள்ளி நகையாடுகிறது. கதைகளில் வரும் வீரன் ஐம்பது பவுண்டு எடையுள்ள வாளைக் குச்சிபோல் சுழற்றுகிறான். அவன் குதிரை பகலெல்லாம் நாலுகால் பாய்ச்சலில் ஓடியும் களைப்பதில்லை. அவனும் உண்பதில்லை, உறங்குவதில்லை. இவை யாவும் ஒருமுறையேனும் வாளைக் கையில் பிடித்தறியாதவர் எழுதுபவை என்பது அவர் கருத்து. உண்மையில் இடைக்காலத்து ஒருகை வாளின் எடை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம்தான். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவை நீட்டிப் பிடித்துக் கால் நாழிகை வீசிப் பார்த்தவருக்கே, போர்க்களத்தில் வீரர்கள் ஏன் அடிக்கடி பின்வாங்கி மூச்சு வாங்கினார்கள் என்பது விளங்கும். வாளின் எடையை அறிந்த எழுத்தாளர் களைப்பை எழுதுவார். களைப்பை எழுதத் தெரிந்தவர் கையில்தான் வீரம் நம்பத்தக்கதாகிறது.

இவ்வழியில் வந்த எழுத்தாளர்கள் இன்றும் உள்ளனர். ரோமானியப் படைகளைப் பற்றிப் புதினம் எழுதும் பென் கேன், அந்தோணி ரிச்சஸ், ரசல் விட்ஃபீல்ட் ஆகிய மூவரும் 2014இல் ரோமானிய வீரர்களின் முழு உடையும் கவசமும் அணிந்து, இத்தாலியின் கப்புவாவிலிருந்து ரோம் நகர் வரை கால்நடையாகவே சென்றார்கள். ஆணி அடித்த தோற்செருப்பு கல் பாவிய சாலையில் எப்படி வழுக்கும், தோளில் தொங்கும் கேடயம் எந்த எலும்பை அழுத்தும் என்பனவற்றை எந்த நூலகத்திலும் கற்க இயலாது.

தோல் படகும் தைத்த கப்பலும்

செய்து பார்த்தலுக்கும் கதைக்கும் உள்ள உறவை முழுமையாக விளக்குவது டிம் செவரின் என்பாரின் வாழ்க்கை. இவர் 1940இல் நம் நாட்டின் அஸ்ஸாமில் பிறந்தவர். இங்கிலாந்தில் கல்வி கற்று, அயர்லாந்தில் வாழ்ந்து, 2020இல் மறைந்தார்.

அயர்லாந்தில் ஒரு பழங்கதை உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பிரெண்டன் என்னும் துறவி, மாட்டுத் தோலால் மூடிய படகில் ஏறி மேற்குக் கடலைக் கடந்து ஒரு புண்ணிய பூமியை அடைந்தார் என்று இடைக்காலத்து இலத்தீன் நூல் ஒன்று கூறுகிறது. தீவுபோன்ற மீன், நெருப்புக் கற்களை எறியும் தீவு, கடலில் மிதக்கும் பளிங்குத் தூண் என்று அற்புதங்கள் நிறைந்த கதை அது. அதனை அறிஞர் பலர் வெறும் பக்திக் கற்பனை என்றனர். இடைக்கால இலக்கியத்தில் புலமை வாய்ந்த செவரினின் மனைவியார், மற்றைய புனிதர் கதைகளில் காணப்படாத நடைமுறைச் செய்திகள் இதில் நிறைய உள்ளனவே என்று சுட்டிக் காட்டினார். படகு கட்டும் முறைகூட அதில் சொல்லப்பட்டிருந்தது. அதன்படியே கட்டிப் பார்ப்பது என்று செவரின் துணிந்தார்.

36 அடி நீளமுள்ள மரச்சட்டம். அதனை இணைக்க ஆணி இல்லை, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத் தோல்வார். மேலே போர்த்த, கருவாலி மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 49 மாட்டுத் தோல்கள். நீர் புகாதிருக்கக் கம்பளிக் கொழுப்பு. 1976ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அப்படகு அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டது. பரோ தீவுகள் வழியாக ஐஸ்லாந்தை அடைந்து, குளிர்காலம் கழிந்ததும் 1977இல் மீண்டும் புறப்பட்டு, ஜூன் 26ஆம் நாள் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துக் கரையை அடைந்தது.

அப்பயணத்தில் நிகழ்ந்தவற்றைக் கதை எழுதுவோர் கருத்தூன்றிக் காணவேண்டும். திமிங்கிலங்கள் அத்தோல் படகை நெருங்கி வந்து சுற்றின; தீவுபோன்ற மீனின் கதை எங்கே பிறந்திருக்கும் என்பது அப்போது விளங்கிற்று. ஐஸ்லாந்தின் எரிமலைகள் நெருப்புக் கற்களை எறியும் தீவையும், மிதக்கும் பனிமலைகள் பளிங்குத் தூணையும் நினைவூட்டின. பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கியபோது தோல் கிழிந்து நீர் புகுந்தது. உறையும் கடலில் கையை விட்டு ஒரு துண்டுத் தோலை வைத்துத் தைத்தே உயிர் பிழைத்தார்கள். பிளாஸ்டிக் உறையில் கொண்டுசென்ற நவீன உணவு நனைந்து கெட்டது. புகையிலிட்ட இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஓட்ஸ் தானியமும் கெடாமல் நின்றன. முன்னோர் அறியாமையால் அல்ல, அறிவினாலேயே அவ்வாறு உண்டார்கள் என்பது தெளிவாயிற்று.

ஒன்றை ஈண்டுக் கவனமாகச் சொல்லவேண்டும். பிரெண்டன் அமெரிக்காவை அடைந்தார் என்பதை இப்பயணம் மெய்ப்பிக்கவில்லை. அத்தகைய படகு அக்கடலைக் கடக்க இயலும் என்பதை மட்டுமே மெய்ப்பித்தது. வரலாற்றாசிரியருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. 'நிகழ்ந்தது' என்பதும் 'நிகழ்ந்திருக்கக் கூடும்' என்பதும் ஒன்றல்ல. ஆனால் 'நிகழ்ந்திருக்கக் கூடும்' என்பதே புதினத்தின் நிலம். ஆதலால் மீள்நிகழ்த்துவோர் வரலாற்றாசிரியரைக் காட்டிலும் கதையாசிரியருக்கு நெருங்கிய உறவினர் எனலாம்.

செவரினின் அடுத்த பயணம் நம் கரையைத் தொட்டது. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் சிந்துபாத்தின் கப்பல் எத்தகையது என்று அறிய, அரபு நாட்டுப் பழங்கலம் ஒன்றைக் கட்ட அவர் முனைந்தார். ஓமான் நாட்டின் சூர் என்னும் ஊரில் அது உருவாயிற்று. மரம் சென்றது மலபார்க் கரையிலிருந்து. பலகைகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். இரும்பாணி ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான மைல் நீளக் கயிறு தேவைப்பட்டது. அக்கயிற்றைக் கொண்டு தைக்க வல்ல கைகள் அன்று எங்கே இருந்தன? நம் இலட்சத்தீவுகளில் இருந்தன. அங்கிருந்து தைப்பாளர்களை அழைத்துச் சென்றார். 'சோகார்' எனப் பெயரிட்ட அக்கப்பல் 1980 நவம்பரில் ஓமானிலிருந்து புறப்பட்டு, இலட்சத்தீவுகள், கோழிக்கோடு, இலங்கை, சுமத்ரா, சிங்கப்பூர் வழியாக 1981 ஜூலையில் சீனாவின் காண்டன் நகரை அடைந்தது.

தென்னங்கயிற்றால் தைத்த கலம் தமிழருக்குப் புதியதன்று. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவையும் ஆணியின்றித் தைக்கப்பட்டவை. இரும்பால் இறுக்கிய படகு பேரலையில் பிளந்துபோகும் இடத்தில், தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும். இந்த ஒரு செய்தியில் எத்தனை கதைகள் அடங்கியுள்ளன என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

செவரின் பின்னும் பல பயணங்கள் செய்தார். 1984இல் கிரேக்கப் புராணத்தில் வரும் ஆர்கோ கப்பலைக் கட்டித் துடுப்புப் போட்டுக் கருங்கடலின் கிழக்குக் கரை சென்றார். 1993இல் மூங்கில் தெப்பத்தில் பசிபிக்கைக் கடக்க முயன்றார். கட்டுகள் தளர்ந்து மூங்கில்கள் பிரியத் தொடங்கவே, அமெரிக்கக் கரை எட்டுமுன் தெப்பத்தைக் கைவிட நேர்ந்தது. எக்லின்டனின் மழையைப் போல இதுவும் ஒரு பாடமே.

இவ்வளவும் செய்தபின், 2005ஆம் ஆண்டில், தம் 65ஆம் வயதில்தான் அவர் முதற்புதினங்களை வெளியிட்டார். வைக்கிங் கடலோடிகளைப் பற்றிய மூன்று பாகக் கதை அது. அதன் நாயகன் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, அதற்கப்பால் மேற்கே கிடந்த புதுநிலம் என்று அலைபவன். அந்நீர்ப்பரப்பைத் தோல் படகில் அமர்ந்து கண்டவர் எழுதிய கதை. 1977இல் கையில் பட்ட குளிர் 28 ஆண்டுகள் கழித்து எழுத்தாயிற்று. பட்டறிவு உடனே கதையாவதில்லை, ஊறவேண்டும். தென்னை மட்டையும் நீரில் ஊறிய பிறகுதானே கயிறாகிறது!

உடுத்திப் பார்க்க மறுப்பவை

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் கடமை. மீள்நிகழ்த்துவோர் எல்லாவற்றையும் மீள நிகழ்த்துவதில்லை. தமக்கு உவந்ததை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டின் மனாசஸ் போரை, அதன் நூற்றாண்டான 1961இல், ஆயிரக்கணக்கானோர் சீருடையணிந்து நடித்துக் காட்டினார்கள். துப்பாக்கியின் வகை சரியாயிருந்தது, பொத்தான்களும் சரியாயிருந்தன. ஆனால் அப்போர் எதன்பொருட்டு மூண்டதோ அந்த அடிமை முறை களத்தில் காணப்படவில்லை. போர் மூண்டபோது அந்நாட்டில் அடிமைகளாய் இருந்தோர் ஏறத்தாழ 40 லட்சம். அத்தனை பேரையும் மறைக்கப் பொத்தான்களின் துல்லியமே போதுமானதாயிற்று.

இந்நோய்க்கு மூலம் கதையே என்றுகூடக் குற்றம் சாட்டியவர் உண்டு. மார்க் ட்வைன் 1883இல் வெளியிட்ட மிசிசிப்பி ஆற்று நூலில், போருக்கு முந்திய தென்மாநிலத்தாரின் போலிப் பெருமிதத்தை வளர்த்ததில் ஸ்காட்டின் புதினங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று எழுதினார். அங்கும் ஐவன்ஹோவைப் படித்துவிட்டு நிலக்கிழார்கள் குதிரையேறி வீர விளையாட்டு ஆடினார்கள். வயலில் உழைத்தவர்களோ சங்கிலியில் இருந்தார்கள். ட்வைன் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் பகட்டான கதை பகட்டான ஆட்டத்தைப் பெறும், அந்த ஆட்டம் பொய்யான பெருமையைப் பெறும் என்னும் அவர் எச்சரிக்கை ஒதுக்கத்தக்கதன்று.

இதற்கு மாற்றும் அந்நாட்டிலேயே தோன்றியது. 1811இல் லூயிசியானாப் பகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து நியூ ஆர்லியன்ஸ் நகரை நோக்கி நடந்தார்கள். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. டிரெட் ஸ்காட் என்னும் கலைஞரின் முயற்சியால் 2019 நவம்பரில் நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் அக்கால உடையில், அதே நிலப்பகுதியில், இரண்டு நாள் நடந்து அதனை மீள நிகழ்த்தினார்கள். வென்றவரின் வாளை ஏந்துவதைவிடத் தோற்றவரின் செருப்பில் நடப்பது கூடுதலான உண்மையைச் சொல்லும் என்பதற்கு இது சான்று. யாருடைய உடையை உடுத்துகிறோம் என்பதே இக்கலையின் முதற்கேள்வி. யார் கண்ணால் காண்கிறோம் என்பதே புதினத்தின் முதற்கேள்வியும் ஆகும்.

இத்தனைக்கும் பிறகு ஓர் எல்லை எஞ்சுகிறது. பசியை நடிக்கலாம், நாளை உணவு வரும் என்று அறிந்தவனின் பசி பசியாகாது. களத்தை நடிக்கலாம், மாலையில் வீடு திரும்புவோம் என்று அறிந்தவனுக்கு அச்சம் வாராது. செய்து பார்த்தல் உடலின் அறிவைத் தரும். அச்சத்தையும் நம்பிக்கையையும் எழுத்தாளர் தம் நெஞ்சிலிருந்துதான் கொணரவேண்டும்.

நம் மேடையும் நம் பிள்ளைகளும்

தமிழ் வரலாற்றுப் புதினத்துக்கு வாசகர் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. கல்கியும் சாண்டில்யனும் எழுதிய கதைகளைத் தொடர்களாகப் படித்து, வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்து, ஊர் மாறியபோதெல்லாம் பெட்டியில் உடன் கொண்டுசென்ற குடும்பங்கள் நம்மிடையே பல. நம் தமிழ்ச் சங்க மேடைகளிலும் வரலாற்று நாடகங்கள் பல நடந்துள்ளன. அட்டையில் வெட்டிய வாள், வெள்ளித்தாள் ஒட்டிய மகுடம், கட்டியங்கூறுவோனின் முழக்கம் ஆகியவற்றை நாம் அறிவோம். அதுவும் ஒருவகை மீள்நிகழ்த்தலே. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தாய்மொழியைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத பிள்ளை, அந்த மேடையில் பேசிய நான்கு வரிகளால்தான் அம்மொழியின் சுவையை அறிகிறது.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் தவிர்த்தலாகாது. மாறுவேடப் போட்டியென்றால் நம் பிள்ளைகள் எப்போதும் மன்னராகவே வருகிறார்கள். வெளியூரில் பிறந்து வளரும் குழந்தைக்குத் தமிழர் வரலாறு என்பது மகுடமும் முறுக்கு மீசையும் மட்டுமாகச் சென்று சேர்ந்தால், அது பெருமையைத் தரும், பற்றைத் தராது. பெருமை கேலிக்கு முன் நொறுங்கும். தன் பாட்டன் எந்தக் கயிற்றைத் திரித்தான், எந்த மடையைத் திறந்தான், எந்தத் தறியில் அமர்ந்தான் என்று கையால் அறிந்த பிள்ளைக்கு வரலாறு உறவாகும்.

அண்மையில் நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு தோன்றியிருக்கிறது. அஜந்தா ஓவியம் ஒன்றில் தீட்டப்பட்ட ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை அடிப்படையாகக் கொண்டு, கோவாவில் தைத்த கப்பல் ஒன்று கட்டப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த மரபுத் தச்சர்கள் பாபு சங்கரன் தலைமையில் அதனைத் தைத்தார்கள். அதன் நீரியல் சோதனைகளில் சென்னை ஐ.ஐ.டி. துணை நின்றது. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட அக்கப்பலுக்குக் கவுண்டின்யன் பெயர் சூட்டப்பட்டது. கடல் கடந்து சென்று மேகாங் ஆற்றுநாட்டு அரசியை மணந்ததாகப் பழங்கதை கூறும் கடலோடி அவன். 2025 டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்ட கப்பல், 2026 ஜனவரியில் மஸ்கத்தை அடைந்தது. ஓவியத்தில் கப்பலின் தோற்றம் இருந்தது. கட்டும் முறை இல்லை. அதனைத் தந்தது தச்சர்களின் கை. ஓவியத்துக்கும் கடலுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அவர்கள். புதின ஆசிரியரின் பணியும் அஃதே அன்றோ?

கப்பல் கட்ட நம்மால் இயலாது. ஆனால் சங்கங்கள் செய்யத்தக்கவை உள. மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர். அதற்கு முந்திய தமிழர் சமையலை, மிளகும் புளியும் கொண்டு, ஒரு நாள் விருந்தாக ஆக்கிப் பார்க்கலாம். பனையோலையைப் பாடம் செய்து எழுத்தாணியால் பத்து வரி எழுதச் சொல்லலாம். ஓலை கிழியாதிருக்கப் பண்டைய ஏடுகளில் புள்ளி இடாமல் விட்டார்கள் என்பது அப்போது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும். உரலில் ஒருபடி நெல்லைக் குற்றிப் பார்க்கச் செய்யலாம். பிறகு, ஆண்டு மலருக்குக் கதை எழுதச் சொல்லலாம். அக்கதையில் மன்னர் வந்தாலும் வருவார். ஆனால் நெல் குற்றிய கையின் கொப்புளமும் அதில் வரும்.

தாயகம் விட்டுப் பெயர்ந்தவர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. தொலைவில் இருப்பவனுக்குத்தான் எதுவும் இயல்பாய்க் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் செய்து பெறவேண்டியிருக்கிறது. டெல்லிக் குளிரில் இட்லி மாவு பொங்கக் கம்பளி போர்த்தி வைத்த தாயும், மும்பை மாடிக்குடியிருப்பில் வாசல் இல்லாமல் கோலமிடக் கற்ற பாட்டியும் ஒவ்வொரு நாளும் பழமையை மீள நிகழ்த்தியவர்களே. அவர்கள் கையின் அறிவு ஏட்டில் ஏறாமல் மறைந்துவிடுமானால் இழப்பு நமதே. பெரியவர்கள் தம் கைவேலையைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கட்டும். பிள்ளைகள் அதனை எந்த நாட்டில் வாழ்ந்தாலும் தமிழில் கதையாக்கட்டும். கல்லில் பெயர் மட்டும் எஞ்சிய அந்த 400 பெண்டிர்க்கும் அப்போது குரல் கிடைக்கும்.